பெயரை ஒளித்த பெருமல்லர்

மல்யுத்தம் என்றதும் நம்மவருள் முதியோர் நினைவிலே முந்தி எழும் பெயர்கள் இரண்டு. ஒன்று கிங்காங், மற்றது தாரா சிங். கிங்காங் என்று உலகறிந்த எமில் சாயா பழைய ஹங்கேரி நாட்டிற் பிறந்து, பல தேசங்களிலும் திரிந்து, ஈற்றிலே சிங்கப்பூரைத் தமக்கு இல்லமாக்கி, 1970 ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தவர். தாரா சிங் பஞ்சாபிலே பிறந்து, பிழைப்பை நாடிச் சிங்கப்பூருக்குச் சென்று, அங்கே இத்தொழிலைப் பயின்றவர். தொழின்முறை மல்லருட் பலர் இவ்வாறு பிறந்த மண்ணை விட்டு வந்தோராயிருத்தல் வியப்பன்று. மொழி தெரியாத ஊரிலே வாதாட முடியாது, வழக்குரைக்க முடியாது, உத்தியோகமும் எளிதிற் கிடையாது. ஆனால் தோள் வலிமைக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

மலையொத்த அக் கிங்காங்கை 1955 நவம்பர் 22 ஆம் நாள் டோக்கியோ நகரிலே, ஆசிய வீரர் பட்டத்துக்கான இறுதிப் போட்டியில் வென்றவர் ஒருவர் உளர். அவர் பெயர் ரிக்கிடோசான். அந்நாளிலே ஜப்பானியர் வாயில் அவர் பெயருக்கு நிகராக வழங்கிய பெயர் சக்கரவர்த்தியின் பெயர் ஒன்றே என்று கூறுவர். போரிலே தோற்றுத் தலைகுனிந்திருந்த ஒரு நாடு அவரைக் கண்டு தலை நிமிர்ந்தது. சிறுவர் தெருவிலே அவரைப் போலக் கைவீசி விளையாடினர். முதியோர் அவர் வெற்றியைக் கண்டு கண்ணீர் உகுத்தனர்.

ஆனால் ரிக்கிடோசான் ஜப்பானியர் அல்லர். அவர் கொரியர். அவரைத் தோளிலே தூக்கிய மக்களுட் பெரும்பாலோர் அவர் இறக்கும் வரையில் இதனை அறியார். அறிந்தால் தூக்கியிருப்பார்களோ என்னும் ஐயமே அவரை வாழ்நாள் முழுவதும் வாய்பூட்டச் செய்தது. அவ்வாழ்க்கையையே இன்று வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம்.

வயல் நிலத்திலிருந்து சுமோ மண்டபத்துக்கு

கொரியாவை ஜப்பான் தன் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டது 1910 ஆம் ஆண்டில். அவ்வாட்சி 1945 வரை நீடித்தது. அக்காலத்திலே, இன்று வட கொரியாவில் அடங்கும் தென் ஹம்கியோங் மாகாணத்தில், ஒரு கமக்காரர் குடும்பத்தின் இளைய மகனாகக் கிம் சின் ராக் பிறந்தார். ஜப்பானியப் பதிவுகள் 1924 நவம்பர் 14 ஐ அவருடைய பிறந்த நாளாகக் காட்டுகின்றன.

கொரியருக்குச் 'சிரும்' என்னும் தொன்மையான மற்போர் ஒன்றுண்டு. இடுப்பிலும் தொடையிலும் துணிக்கச்சை கட்டி, ஒருவர் கச்சையை ஒருவர் பற்றி, மணற்பரப்பிலே எதிரியை வீழ்த்துவது அதன் முறை. திருவிழாக் காலங்களில் நிகழும் அப்போட்டிகளில் வென்றவனுக்கு எருது ஒன்றைப் பரிசளித்தல் மரபு. சின் ராக்கின் தமையனாரும் இக்கலையிற் பெயர் பெற்றவர். இளைஞனின் உடற்கட்டும் வேகமும் கொரியாவில் இருந்த ஜப்பானியர் சிலரின் கண்ணிற் பட்டன. அவர்களுள் மொமொட்டா என்னும் குடிப்பெயர் உடைய ஒருவர், டோக்கியோவிலுள்ள நிஷோனோசெக்கி என்னும் சுமோப் பயிற்சி மனைக்கு வேண்டியவர். அவர் வழியாகவே 1940 ஆம் ஆண்டில், பதினாறு வயதும் நிரம்பாத அப்பிள்ளை கடல் கடந்தான்.

அந்த 1940 ஆம் ஆண்டை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு பெப்ரவரியிலேதான் கொரியர் தம் குடிப்பெயரை விட்டு ஜப்பானிய முறையிற் பெயர் கொள்வதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது. 'விரும்பினோர் மாற்றலாம்' என்பது ஏட்டு வாசகம். மாற்றாதோர் பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் பட்ட தொல்லை வேறு. ஆகவே பெயரை ஒளித்தல் என்பது சின் ராக் என்னும் தனி மனிதரின் தந்திரமாகத் தொடங்கவில்லை. அஃது ஓர் அரசின் கொள்கையாகத் தொடங்கியது.

சுமோ மனையிலே புதிதாய்ச் சேர்ந்தோர் விடியுமுன் எழுந்து பயில்வர்; மூத்தோர்க்குச் சமைப்பர்; கூட்டித் துடைப்பர்; அடியும் வாங்குவர். மொழியும் முற்றாகத் தெரியாத பிள்ளைக்கு அவ்வாழ்க்கை எத்துணைக் கடுமையாயிருந்திருக்கும் என்பதை நாம் விரித்தல் வேண்டா. அங்கே அவருக்கு இடப்பட்ட பெயரே ரிக்கிடோசான். வலிமை, வழி, மலை எனப் பொருள்படும் மூன்று எழுத்துக்களால் ஆகியது அப்பெயர். போட்டி அட்டவணையிலே வீரர் பெயரோடு பிறப்பிடமும் எழுதப்படும். தொடக்கத்திலே அவர் பெயர்மேற் கொரியா என்று எழுதப்பட்டது. சில காலத்தின் பின் அவ்விடத்திலே நாகசாக்கி மாவட்டத்து ஒமுரா என்னும் ஊர் ஏறிக்கொண்டது. ஒமுரா, மொமொட்டாவின் ஊர்.

1946 ஆம் ஆண்டு நவம்பரில் அவர் சுமோவின் முதற் பிரிவை எட்டினார். 1949 இல் 'செக்கிவாக்கே' என்னும் நிலைக்கு உயர்ந்தார். அதற்கு மேலே இருப்பன இரண்டு நிலைகளே. ஆயினும் 1950 ஆம் ஆண்டில், உயர்ந்து வரும் வேளையிலேயே, சுமோ வீரரின் அடையாளமான உச்சிக்குடுமியைத் தம் கையாலேயே அறுத்தெறிந்துவிட்டு வெளியேறினார். அதற்குக் காரணம் பலவாறு சொல்லப்படும். நோயினால் உடல் நலிந்திருந்தது ஒன்று. மனைத் தலைவரோடு பணம் பற்றி எழுந்த பிணக்கு மற்றொன்று. கொரியன் ஒருவனை உச்சி நிலைக்கு ஏற்றமாட்டார்கள் என்று அவர் மனம் கசந்தமை இன்னொன்று. காரணம் யாதாயினும், குடுமியை அறுத்த சுமோ வீரருக்கு மீண்டும் அவ்வாசலிற் புக வழியில்லை. இருபத்தைந்து வயதிலே பிழைப்பு வேறு தேடவேண்டியவரானார்.

பதிவேட்டிற் பிறந்த இரண்டாம் பிறப்பு

கட்டட வேலைக் கம்பனி ஒன்றிலே அவர் சில காலம் தொழில் பார்த்தார். 1951 ஆம் ஆண்டில் அமெரிக்க மல்லர் குழு ஒன்று ஜப்பானுக்கு வந்தது. அவர்களோடு பழகி, அவ்வாண்டு அக்டோபரிலேயே பொபி பிரன்ஸ் என்பவரோடு மேடையேறிப் பத்து நிமிடம் பொருது, அப்போட்டியைச் சமனாக முடித்தார். அடுத்த ஆண்டு ஹவாய்த் தீவுக்குச் சென்று, ஒக்கி ஷிக்கினா என்னும் மல்லரிடம் முறையாகப் பயின்றார். அங்கிருந்து அமெரிக்கப் பெருநிலத்திலும் பல போட்டிகளில் ஈடுபட்டு 1953 இல் திரும்பினார். வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குக் குடும்பப் பதிவேடு வேண்டும். இதற்குள் அவர் பதிவேட்டிலே புதுப் பிறப்பு எடுத்துவிட்டார். மொமொட்டா மிட்சுஹிரோ, ஒமுராவிற் பிறந்தவர், மொமொட்டாவின் மகன். ஹம்கியோங் வயல்நிலத்துக் கிம் சின் ராக் எழுத்தளவில் இல்லாதொழிந்தார்.

இதனைப் பொய் என்று ஒரு சொல்லிலே தள்ளிவிடலாம். ஆனால் காலத்தை நோக்குக. போர் முடிந்த வேளையில் ஜப்பானிலே ஏறத்தாழ இருபது இலட்சம் கொரியர் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் நாடு திரும்ப, ஆறு இலட்சம் பேரளவில் அங்கேயே தங்கினர். 1952 ஏப்ரல் 28 ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த அன்றே, அவர்கள் ஜப்பானியப் பிரசாவுரிமையை இழந்து அந்நியராயினர். பிரசாவுரிமை இழத்தல் என்பது யாதென இந்நாட்டு வாசகர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. மொமொட்டா மிட்சுஹிரோ அந்த வேலிக்கு உட்பக்கத்தே நின்றார். கிம் சின் ராக்காக இருந்திருப்பின் வெளிப்பக்கத்தே நின்றிருப்பார்.

அரங்கிலே வில்வன்மை காட்டி நின்ற கன்னனை நோக்கி, 'உன் குலம் யாது?' என்று கிருபன் வினாவினான் என மகாபாரதம் கூறும். கன்னன் விடையின்றித் தலை கவிழ்ந்தான். ரிக்கிடோசானை அவ்வினாவை எவரும் வினாவவில்லை. வினா எழுமுன்னரே விடையை எழுதி அரசாங்கத்து ஏட்டிற் சேர்த்துவிட்டார் அவர். கன்னனுடைய துயரம் ஒரு நாழிகையில் வெளிப்பட்டது. இவருடைய துயரம் வெளிப்படவே வழியின்றி உள்ளே தங்கிவிட்டது.

தெருமுனையில் ஒரு பெட்டி

1953 ஜூலையில் ஜப்பானிய மல்யுத்தச் சங்கம் தோன்றியது. அதனைத் தொடக்கிவைத்தவர் ரிக்கிடோசான். அதே ஆண்டிலே ஜப்பானிலே தொலைக்காட்சியும் பிறந்தது. பெப்ரவரி முதலாம் நாள் ஒலிபரப்புக் கழகமாகிய என்.எச்.கே. தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியபோது, நாடு முழுவதிலும் கட்டணம் செலுத்திப் பதிந்த பெட்டிகள் 866. சாதாரண உத்தியோகத்தர் ஒருவருடைய பல மாதச் சம்பளம் கொடுத்தாலன்றிப் பெட்டி ஒன்றை வாங்கவியலாது. ஓகஸ்டிலே தொடங்கிய நிப்பொன் தொலைக்காட்சி என்னும் தனியார் நிலையம் ஒரு வழி கண்டது. மக்கள் வாங்க இயலாவிடின், மக்கள் கூடும் இடத்திற் பெட்டியைக் கொண்டு வைப்போம் என்று, புகையிரத நிலைய முன்றில்களிலும் சதுக்கங்களிலும் பெரிய பெட்டிகளை உயரமான மேடைகளில் நிறுவியது.

1954 பெப்ரவரி 19 ஆம் நாள் மாலை. டோக்கியோவின் குராமே மண்டபத்திலே பென், மைக் என்னும் ஷார்ப் சகோதரர் ஒரு பக்கம். ரிக்கிடோசானும் யூடோ வீரர் கிமூரா மசஹிக்கோவும் மறு பக்கம். ஷார்ப் சகோதரர் ஆறடிக்கு மேல் வளர்ந்த வெள்ளையர். ரிக்கிடோசானோ ஐந்தடி ஒன்பது அங்குலம் அளவினர். கறுப்பு நிறத்து நீண்ட காற்சட்டை அணிந்து, கைவிளிம்பை வாளாக்கி அவர் வெட்டிய 'கராத்தே வெட்டு' அன்றே புகழ்பெற்றது. வெள்ளையர் அவ்வெட்டுக்குத் தள்ளாடி வீழ்ந்தபோதெல்லாம் தெருவிலே நின்றோர் ஆர்ப்பரித்தனர். ஷிம்பாஷி நிலையத்து முன்றிலில் மாத்திரம் இருபதினாயிரம் பேர் திரண்டனர் என்பர். வாகனங்கள் நின்றன; மரங்களிலும் மதில்களிலும் ஏறி நின்று பார்த்தனர்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஹிரோஷிமாவிலும் நாகசாக்கியிலும் அணுக்குண்டு வீழ்ந்தது. அமெரிக்கப் படையாட்சி நீங்கி ஈராண்டுகளும் ஆகவில்லை. அம்மக்கள் அன்று கண்டது விளையாட்டை அன்று. தம்மை வென்றவரைத் தம்மவன் ஒருவன் வெல்வதைக் கண்டனர்.

ஆனால், அன்பர்களே, அக்காட்சியிலே இரண்டு முரண்கள் ஒளிந்திருந்தன. 'அமெரிக்கர்' என்று கருதி மக்கள் வெகுண்டு நோக்கிய ஷார்ப் சகோதரர் அமெரிக்கர் அல்லர். கனடா நாட்டு ஹமில்டன் நகரத்தவர். 'தம்மவன்' என்று கருதி மக்கள் போற்றியவரோ அதே ஜப்பான் முப்பத்தைந்து ஆண்டுகள் அடக்கி ஆண்ட நாட்டின் பிள்ளை.

மெய்யும் நடிப்பும்

மாணவர் சிலர் இவ்விடத்திலே ஒரு வினாவை எழுப்புவர். தொழின்முறை மல்யுத்தத்திலே வெற்றி தோல்வி முன்கூட்டியே முடிவு செய்யப்படுவது அன்றோ? அதிலே வீரம் எங்கே இருக்கின்றது?

நியாயமான வினா. நம் நாட்டுக்கூத்திலே வீமன் கதை ஓங்குவான், துரியோதனன் வீழ்வான். முடிவு விடியுமுன்னரே யாவர்க்கும் தெரியும். தொழின்முறை மல்யுத்தமும் பெரிதும் அவ்வகையினதே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. மேடையின் பலகையிலே முதுகு மோதுவது மெய். விலா எலும்பு நோவது மெய். இருநூற்றைம்பது இறாத்தல் மனிதன் மேலே பாய்வதும் மெய். முடிவு மாத்திரமே எழுதி வைத்தது.

எழுதி வைத்த முடிவும் சில வேளைகளில் மீறப்பட்டது. ரிக்கிடோசானின் கூட்டாளியாயிருந்த கிமூரா, யூடோவிலே இணையற்றவர். 1951 இல் பிரேசில் சென்று எலியோ கிரேசி என்னும் புகழ்வாய்ந்த வீரரை வென்றவர். மல்யுத்த மேடையிலே எப்போதும் தாம் வீழ, ரிக்கிடோசான் எழுந்து வெல்வது அவருக்குப் பொறுக்கவில்லை. மெய்யான போட்டியானால் தாமே வெல்லலாம் என்று பத்திரிகைக்குச் சொன்னார். 1954 டிசம்பர் 22 ஆம் நாள் இருவரும் மோதினர். அப்போட்டி சமனாக முடிவதென முன்னரே பேசி வைத்திருந்ததாகக் கிமூரா பிற்காலத்தில் எழுதினார். ஆனால் நடுவிலே ரிக்கிடோசான் வெகுண்டு மெய்யாகவே தாக்கினார். கிமூரா இரத்தம் சிந்தி மேடையிலே வீழ்ந்தார். நாட்டு வீரன் என்னும் பட்டம் ரிக்கிடோசானுக்கே உரியதாயிற்று. கிமூராவின் மனப்புண் 1993 இல் அவர் இறக்கும் வரையில் ஆறவேயில்லை. வரலாற்றைச் சொல்வோர் இச்செயலை மறைத்தல் நேர்மையன்று. ரிக்கிடோசான் பிறர்க்கு ஆறுதல் தந்த மனிதர்; இரக்கமுள்ள மனிதரென்று எப்போதும் சொல்லிவிட முடியாது. மாணாக்கரை அவர் அடித்தார், குடித்தால் சண்டையிட்டார்.

அதன் பின் அவர் கண்டவையெல்லாம் ஏற்றமே. 1957 அக்டோபர் 7 ஆம் நாள் உலகப் பட்டமுடையவராயிருந்த லூ தெஸ் என்னும் அமெரிக்கரோடு டோக்கியோ கொராக்குவென் மைதானத்தில் ஒரு மணி நேரம் பொருது சமன் செய்தார். அன்று தொலைக்காட்சி பார்த்தோர் 87 வீதம் எனக் கணிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஓகஸ்டிலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே அதே தெஸ்ஸை வென்றார். 1961 இல் டோக்கியோவின் ஷிபுயாவிலே 'ரிக்கி விளையாட்டு மாளிகை' எழுந்தது. 1963 மே மாதத்திலே முகமூடி அணிந்த 'டெஸ்ட்ரோயர்' என்பவரோடு அவர் பொருத போட்டியை 64 வீதத்தினர் கண்டனர்.

அவரோடு சேர்ந்து மேடையேறிய கிரேட் தோகோ என்பவரையும் ஈண்டு நினைத்தல் தகும். அவர் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலே, ஜப்பானியப் பெற்றோர்க்குப் பிறந்த அமெரிக்கர். அமெரிக்க மேடைகளிலோ அவர் ஏற்க வேண்டியிருந்தது வஞ்சக ஜப்பானியன் என்னும் வேடம். தோகோவிடம் மக்கள் பிறப்பை வெறுத்தனர். அவர் அவ்வெறுப்பையே விற்றுப் பிழைத்தார். ரிக்கிடோசான் வெறுக்கப்படக்கூடிய பிறப்பை மறைத்து அன்பை ஈட்டினார். இருவரும் ஒரே மேடையிலே நின்றனர். புலம்பெயர்ந்தோர்க்கு உலகம் அந்நாளிலே திறந்து வைத்த வாயில்கள் பெரும்பாலும் அவ்விரண்டே.

தாழிட்ட கதவு

புகழ் கூடக் கூடத் தாழ்ப்பாளும் இறுகியது. அவருக்கு நெருங்கிய கொரியர் சிலர் பின்னாளிலே ஒரு காட்சியை நினைவுகூர்ந்தனர். தம் வீட்டிலே, அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு, வேலையாட்களும் கேளாதபடி, ரிக்கிடோசான் கொரிய வானொலியைத் திருப்புவார். கொரியப் பாட்டைக் கேட்டு இன்புறுவார். நாட்டின் மிகப் பெரிய வீரர், தம் வீட்டிலேயே, தம் தாய்மொழியைக் களவாகக் கேட்டார்.

1958 ஆம் ஆண்டிலே கிம் இல் என்னும் கொரிய இளைஞர் கப்பலிலே ஒளித்து ஜப்பானுக்கு வந்து பிடிபட்டார். தாம் ரிக்கிடோசானின் மாணவராக விரும்பி வந்ததாகச் சிறையிலிருந்து கடிதம் எழுதினார். ரிக்கிடோசான் தம் செல்வாக்கைப் பயன்படுத்தி அவரை விடுவித்து, ஒக்கி கிந்தாரோ என்னும் ஜப்பானியப் பெயரிட்டுப் பயிற்றினார். பிறர் முன்னிலையிலே கொரிய மொழி பேசலாகாது என்பது ஆசிரியர் மாணவர்க்கு இட்ட கட்டளை. அக்கிம் இல் பின்னாளிலே தென் கொரியா சென்று, தம் சொந்தப் பெயரோடே நின்று, அந்நாட்டு மக்களின் தனிப்பெரும் வீரரானார். 2006 இல் மறைந்தார். ஆசிரியருக்குக் கிட்டாத ஒன்று மாணவர்க்குக் கிட்டியது.

இன்னொரு மாணவரும் புலம்பெயர்ந்தவரே. ஜப்பானிலிருந்து பிழைப்புக்காகப் பிரேசிலுக்குச் சென்ற குடும்பம் ஒன்றின் பிள்ளையை 1960 இல் ரிக்கிடோசான் அங்கே கண்டு அழைத்து வந்தார். அவரே அந்தோனியோ இனோக்கி. அவரும், பேஸ்போல் ஆட்டத்தை விட்டு வந்த ஜயண்ட் பாபாவும் 1960 செப்டெம்பர் 30 ஆம் நாள் ஒரே நாளில் மேடையேறினர். அன்று இனோக்கிக்கு எதிரே நின்றவர் கிம் இல். ஜப்பானிய மல்யுத்தத்தின் அடுத்த தலைமுறை முழுவதையும் அந்த மூவரே தாங்கினர் என்றால் மிகையன்று.

1953 இல் போர் ஓய்ந்தபோது கொரியா இரண்டாகப் பிளவுண்டு கிடந்தது. அவர் பிறந்த ஊரும், உடன்பிறந்தோரும், அங்கே அவருக்குப் பிறந்த மகளும் வடபக்கத்தே ஆயினர். கிம் இல் சுங்கின் ஐம்பதாம் பிறந்த நாளையொட்டி ரிக்கிடோசான் மெர்சிடிஸ் மோட்டார் வண்டி ஒன்றை வட கொரியாவுக்குப் பரிசாக அனுப்பினார். 1963 ஜனவரியிலே தென் கொரிய அரசின் அழைப்பை ஏற்றுச் சியோல் நகருக்குச் சென்றார். இரு கொரியாக்களையும் பிரிக்கும் பன்முன்ஜொம் எல்லைக்கும் சென்றார். அங்கே குளிரையும் பொருட்படுத்தாது மேலாடையைக் களைந்துவிட்டு, வடதிசை நோக்கித் தமையனாரை உரக்க அழைத்தார் என்று உடன்சென்றோர் வாயிலாக ஒரு செய்தி வழங்குகின்றது.

இப்பயணத்தைப் பற்றி ஜப்பானியப் பத்திரிகைகள் பேசாதிருந்தன. டோக்கியோ சூனிச்சி என்னும் பத்திரிகை மாத்திரம், அவர் 'தாய்நாட்டுக்கு'ச் சென்றார் என்னும் பொருள்பட ஒரு செய்தியை வெளியிட்டது. அதைக் கண்ட ரிக்கிடோசான் சீற்றங்கொண்டார். இருபத்து மூன்று ஆண்டுகளாகக் கட்டிய வீட்டின் சுவரிலே அஃது ஒரு வெடிப்பு. ஆனால் மற்றைப் பத்திரிகைகள் அதனைத் தொடரவில்லை. தமக்கு வேண்டிய வீரனை இழக்க அவையும் விரும்பவில்லை போலும்.

கத்தியும் அதன் பின்னும்

1963 ஜூன் மாதத்திலே அவருக்குப் பெருஞ்சிறப்போடு திருமணம் நிகழ்ந்தது. ஆறு மாதமே கழிந்தது. டிசம்பர் 8 ஆம் நாள் இரவு, டோக்கியோவின் அக்கசாக்காப் பகுதியிலுள்ள கேளிக்கை விடுதி ஒன்றிலே, குண்டர் குழுவைச் சேர்ந்த ஒருவனோடு ஏற்பட்ட அற்ப வாய்த்தர்க்கத்தில், அவன் கத்தியால் வயிற்றிற் குத்தினான். முதலிற் காயம் பெரிதாகத் தோன்றவில்லை. மருத்துவமனையில் சத்திர சிகிச்சை நிகழ்ந்தது. ஆனால் வயிற்றறையிலே அழற்சி பரவ, மீண்டும் சத்திர சிகிச்சை செய்யப்பட்டு, டிசம்பர் 15 ஆம் நாள் உயிர் நீத்தார். வயது முப்பத்தொன்பது. மனைவி அப்போது கருவுற்றிருந்தார். குத்தியவனுக்கு ஏழாண்டுச் சிறை கிடைத்தது.

பெருந்திரளான மக்கள் அழுதனர். அழுதோர் மொமொட்டா மிட்சுஹிரோவுக்காக அழுதனர். அவருடைய பிறப்பு அந்நாட்டிலே பரவலாகப் பேசப்படுவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் சென்றன. உண்மை வெளிவந்தபோது அவருடைய புகழ் சரிந்துவிடவில்லை. இன்றும் டோக்கியோவின் இக்கெகாமி ஹொன்மொன்ஜி ஆலயத்திலே, கைகட்டி நிமிர்ந்து நிற்கும் அவருடைய உருவச் சிலையின் முன் மக்கள் மலர் வைக்கின்றனர். அவர் எதற்கு அஞ்சினாரோ அஃது அவர் இறந்த பின் நிகழவில்லை. வாழ்ந்த காலத்தில் நிகழ்ந்திருக்குமா என்பதற்கு எவரும் உறுதி சொல்ல முடியாது.

வட கொரியாவும் அவரைத் தன் மகனென உரிமை கொண்டாடியது. அங்கே வளர்ந்த அவருடைய மகளின் கணவர் பாக் மியோங் சோல், அந்நாட்டு விளையாட்டுத் துறையின் தலைமைப் பதவியை வகித்தவர். 1995 ஏப்ரல் 28, 29 ஆம் நாள்களில், அப்போது ஜப்பானியப் பாராளுமன்ற மேற்சபை உறுப்பினராயிருந்த இனோக்கி, பியோங்யாங் நகரின் மே தின மைதானத்திலே மாபெரும் மல்யுத்த விழாவை நடத்தினார். தம் ஆசிரியரின் பிறந்த நாட்டிலே, ரிக் பிளேயர் என்னும் அமெரிக்கரோடு பொருது வென்றார். பகைமை நீங்காத இரு நாடுகளுக்கு நடுவே இறந்த மல்லர் ஒருவரின் பெயர் அன்று பாலமாயிற்று. 2022 இல் இனோக்கியும் மறைந்தார்.

பிள்ளைகளையும் சகோதரரையும் பிற தேசங்களிலே வாழவிட்டிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அங்கே அலுவலகத்திலே நாக்குக்கு எளிதாயிருக்கட்டும் என்று பெயரைச் சுருக்குவோர் உண்டு. வீட்டுமொழியைத் தெருவிலே தாழ்ந்த குரலிற் பேசுவோர் உண்டு. இவர்களை ஏளனம் செய்தல் எளிது. ரிக்கிடோசானையும் இனத்தை மறைத்தவர் என்று ஏசிவிடுதல் எளிது. ஆனால் விருந்தினன் வாயிலிலே நின்று பெயரை மாற்றிச் சொல்கின்றான் என்றால், குற்றம் அவனுடையதோ, உள்ளே இருப்போர் வினாவும் முறையினதோ என்று முதலில் எண்ணுதல் வேண்டும்.

ஜப்பான் மக்கள் அவரிடமிருந்து பெற்றது மிகப் பெரிது: இழந்த தன்மதிப்பைப் பெற்றனர். அதற்கு அவர் கொடுத்த விலை, தாயிட்ட பெயர். மேடையிலே நிகழ்ந்த போட்டிகளின் முடிவுகள் முன்னரே எழுதப்பட்டவை என்று நகைப்போர், அவருடைய மெய்யான போட்டி மேடைக்கு வெளியே நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது. அப்போட்டிக்கு இடைவேளை இல்லை. உடன் நின்று பொருதக் கூட்டாளியும் இல்லை.

ஈற்றிலே ஒன்று கூறி முடிக்கின்றோம். அவருடைய மேடைப் பெயரை எழுதும் மூன்று எழுத்துக்களும் சீன எழுத்துக்கள். ஜப்பானியர் அவற்றை ரிக்கிடோசான் என்று வாசிப்பர். கொரியர் அவற்றையே யோக்டோசான் என்று வாசிப்பர். பொருள் இரண்டிலும் ஒன்றே. இன்று டோக்கியோவிலும் சியோலிலும் பியோங்யாங்கிலும் அவரை அவரவர் நாவிலே அவ்வாறு அழைக்கின்றனர். பதிவேட்டிலே அவர் எழுதிய பெயரையும், எழுதாது ஒளித்த பெயரையும் விட்டு, இரு சாராரும் தமதென்று சொல்லத்தக்க அந்த ஒரு பெயரே எஞ்சி நிற்கின்றது.